மிதித்து வைத்த பெட்டி

மரக்காணத்துக் கழுவெளி ஏரிச் சேற்றில் பெட்டி வைத்துக் காற்றுப் பிடிக்கும் வேலைக்கு நான் போனது உப்பளத்தை விட்ட பிறகு. எண் எழுதவும் மணி பார்க்கவும் தெரிந்தால் போதும் என்றார் சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சிக்கார அம்மா. சேற்றிலிருந்து மீத்தேன் என்று ஒரு காற்று வருகிறதாம். கண்ணுக்குத் தெரியாதாம், பூமியைச் சூடாக்குமாம். இதே பெட்டியை வேறு தேசங்களிலும் வைத்து அளந்து, எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டு, இனிமேல் எவ்வளவு வரும் என்று பார்ப்பார்களாம். பெட்டி வைப்பதை ஆபீஸ் தரையில் ஒருமுறை செய்து காட்டினார்.

மழைக்காலம் முழுக்க ஒரு நாள் தவறவில்லை. பெட்டியைக் கவிழ்ப்பேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஊசியால் காற்றை உறிஞ்சி, சின்னச் சீசாவில் ஏற்றி, எண் எழுதி ஒட்டுவேன். காய்ச்சலோடும் போயிருக்கிறேன். உப்பளத்தில் என் பாத்தியைக் குறை சொன்ன மேஸ்திரி கிடையாது. இங்கேயும் சொல்ல விடக்கூடாது என்று இருந்தேன்.

தை பிறந்ததும் அந்த அம்மா வந்தார்.

"என்னம்மா, உங்க பெட்டியில மட்டும் அளவு எகிறுது? இவ்ளோ வந்தா உங்க ஊரே பலூனாட்டம் பறந்துடும்னு வெளிநாட்டுக்காரங்க கிண்டல் பண்றாங்க."

"என் சீசாவுல பொய் இருக்காது. வந்து நில்லுங்க, காட்டறேன்."

சேலையைத் தூக்கிச் செருகினேன். பெட்டி வைக்கும் இடத்தை நன்றாக மிதித்தேன். உப்புப் பாத்தியில் தண்ணீர் விடுமுன் தரையை அப்படித்தான் மிதித்து இறுக்குவோம். காலைச் சுற்றிக் குமிழி குமிழியாகக் கிளம்பியது.

"அம்மா, நில்லுங்க! எப்பவும் மிதிச்சிட்டுத்தான் வைப்பீங்களா?"

"பின்ன? மிதிக்காம வெச்சா எப்படிங்க ஒக்காரும்?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தானாக மெல்ல வர வேண்டிய காற்றை நான் மிதித்து மிதித்து வெளியே தள்ளியிருக்கிறேன்.

மறுநாள் வெளிநாட்டுக்காரர்களோடு செல்போனில் பேசினார். பேச்சு புரியவில்லை, அவர் முகம் புரிந்தது. மழைக்காலத்தில் நான் பிடித்தது அத்தனையும் தள்ளுபடி. எங்கள் ஊரை விட்டுவிட்டே கம்ப்யூட்டரில் போடுவார்களாம்.

"திரும்ப அளந்துடலாம். ஒரு நாளும் தவற மாட்டேன்."

"மழை முடிஞ்சிடுச்சேம்மா. சேறு காஞ்சா காத்து வராது." பிறகு, "உங்க தப்பு இல்ல. மிதிக்கக் கூடாதுன்னு நான் சொல்லவேயில்ல" என்றார்.

திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

பலகை போட்டு, அதன்மேல் நின்று பெட்டி வைக்கச் சொன்னார். வைத்தேன். மாசி பிறந்தபோது சேறு காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பக்கம் உப்பளத்தில் பெண்கள் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் வராது என்று தெரிந்தும், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உறிஞ்சி எண் ஒட்டிக்கொண்டிருந்தேன்.