நான்காவதாக இருந்த கடிதம்

தி.நகரில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு வந்த முதல் கம்ப்யூட்டரை, எனக்குப் பிறகு சேர்ந்த மைதிலியிடம் கொடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அப்படி என்ன வெட்டி முறிக்கிறாள் என்று பார்க்க, அவள் சாப்பிடப் போன நேரத்தில் அதன் முன்னால் உட்கார்ந்தேன். ஃபைல் மெனுவைத் தட்டியதும், கடைசியாகத் திறந்த நான்கு கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. நான்காவதைத் திறந்தேன்.

பிரிந்துபோன கணவனுக்கு அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்த கடிதம். உறையில் தன் கையெழுத்தைக் கண்டாலே அவர் பிரிக்காமல் கிழித்துவிடுவதால் டைப் செய்வதாகவும், குழந்தையை ஒரு தடவையாவது வந்து பார்க்கும்படியும் எழுதியிருந்தாள்.

அவசரமாக மூடிவிட்டு எழுந்தேன். மைதிலி திரும்பி வந்து மெனுவைத் திறந்தவள், என் பக்கம் திரும்பினாள்.

"காலம்பற நாலாவதா இருந்த லெட்டர் இப்ப முதல்ல வந்துடுத்தே. நீங்க பாத்தேளா?"

ஆமென்று தலையாட்டினேன். கத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"நேக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. தப்பு இருந்தா சொல்லுங்கோ, திருத்திடறேன்" என்றாள்.

ஒரு தப்பும் இல்லை. என் இங்கிலீஷைவிட நன்றாகவே இருந்தது. ஆனால், "பரவாயில்லை" என்றுதான் சொன்னேன்.

அடுத்தவள் கடிதத்தைப் படித்ததைவிட, அந்தப் 'பரவாயில்லை'தான் இன்றும் என்னை உறுத்துகிறது.