செத்தவரை மலேசியாவுக்கு அனுப்பினேன்

1. வாசலில் ஆச்சி

சீரியல் வேலையில் எனக்கு முதல் நாள் விடிந்ததே ஒரு சாவில்தான். சாக வேண்டிய நடிகர் குளித்து, விபூதி பூசி, இட்லி சாப்பிட்டுவிட்டு ரெடியாக உட்கார்ந்திருந்தார். சாக விடமாட்டேன் என்று வாசலை மறித்து நின்றார் வீட்டுக்கார ஆச்சி.

இடம் கண்டனூர். கல்யாணம், பொங்கல் போக மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு. அதை ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுவார் ஆச்சி. அன்றைய சீனில் கதாநாயகியின் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும். முற்றத்தில் கிடத்தி எல்லாரும் அழ வேண்டும். அவருடைய கால்ஷீட் அன்றோடு முடிகிறது. மறுநாள் ஆள் கிடைக்காது.

“அடுத்த மாசம் எம்மகளுக்கு இந்த முத்தத்துலதான் கல்யாணம். அதே எடத்துல அதைக் கெடத்தி அழுவீகளா? அந்தச் சொல்லையே நான் வாயால சொல்ல மாட்டேன். சண்டை எடுங்க, அடிதடி எடுங்க, சாமானை ஒடைக்காம எடுங்க. அது மட்டும் எடுக்காதீக!”

“நடிப்புதானே ஆச்சி?” என்று கெஞ்சினார் டைரக்டர்.

“தாலி கட்டுற சீன் மட்டும் நல்ல நேரம் பாத்து எடுக்குறீக. அது நடிப்பில்லையா?”

சென்னையில் இருக்கிற ரைட்டருக்கு ஃபோன் போட்டார்கள். ஸ்விட்ச் ஆஃப். யூனிட் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அப்போது கொல்லைப்புறத்திலிருந்து சாம்பல் கையோடு ஒரு பெண் ஓடிவந்து, “எம்மக எழுதுவா சார்!” என்றாள்.

ஷூட்டிங் மெஸ்ஸில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த என் அம்மா, வெள்ளையம்மாள்.

2. ஃபேனுக்கு அடியில் ஒரு நாற்காலி

அம்மாவுக்கு எழுத்து ஆசை வந்தது புத்தகத்தால் இல்லை. அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அப்பா போன பிறகு கல்யாண வீடுகளில் அண்டா குண்டா விளக்கித்தான் என்னை வளர்த்தாள். அங்கே மொய் எழுதுகிறவரைப் பார்த்திருக்கிறாள். அவருக்கு நாற்காலி, தலைக்கு மேலே ஃபேன், தேடிவந்து கொடுக்கிற காபி. “எழுதுறவனுக்கு இருக்குற மரியாதையைப் பாருடி. நீ எழுதுறவளாத்தான் ஆகணும்” என்பாள்.

நான் ஆனேன். காரைக்குடியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில்! காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் வாசகம் நான்தான். “மாமன் வாராரு, மலை போலச் சீர் தாராரு” என்று நான் எழுதிய பேனர் பள்ளத்தூர் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி நின்று பார்த்தாளாம். அன்றிலிருந்து மீன்காரியிடம்கூட “எம்மக எழுத்தாளரு” என்றுதான் பேச்சு. எனக்கு மானம் போகும்.

3. கை செய்த வேலை

“போட்டது போட்டபடி ஆட்டோ புடிச்சு வா” என்றாள் அம்மா ஃபோனில். போனேன். டைரக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மாமனாரை இன்னிக்கோட கதையை விட்டு அனுப்பணும். ஆச்சியும் ஒத்துக்கணும். மதியத்துக்குள்ள குடும்மா.”

எழுதி நீட்டினேன். வாங்கிச் சத்தமாகப் படித்தார்: “ஆலமரமே சாய்ந்தாயே! ஆறாத் துயரில் தவிக்க விட்டாயே!”

கடைப் பழக்கம்! பெரியவர் போகிறார் என்றதும் கை தானாகக் கண்ணீர் அஞ்சலிக்குப் போய்விட்டது. லைட்பாய் வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “கீழ அச்சகம் பேரும் போட்டுருக்கலாமேம்மா” என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர். டைரக்டர் சிரிக்கவில்லை. “பேக்கப் சொல்லிடுங்க” என்றார்.

அம்மா குறுக்கே வந்தாள். “சார், மொதப் பந்தியில உப்புக் கூடுனா பந்தியவா நிறுத்துவாக? இன்னொருக்காக் குடுங்க.” பிறகு என் காதோரம், “ஊர் பூராச் சொல்லி வச்சிருக்கேன்டி. கவுத்துறாத தாயி” என்றாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. பயம் போய் எனக்கு ஒரு வேகம் வந்தது.

“சார், அவர் சாகணுமா, இல்ல வீட்டுல இல்லாம இருந்தாப் போதுமா?”

“இல்லாம இருந்தா போதும்.”

“அப்ப மலேசியா போகட்டும் சார்!”

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் இது புதுசா? அந்தக் காலத்தில் பர்மா, அப்புறம் மலேசியா, சிங்கப்பூர். கிளம்புகிறவர் முன்னால் கண்ணீர் விடக்கூடாது. எங்கே போறீக என்று கேட்கவும் கூடாது. அதையே பிடித்துக்கொண்டேன். தொழில் நொடித்து மாமனார் கிளம்புகிறார். அவர் மனைவி அழவே மாட்டார். “மணகோலப் பலகாரம் மேல் டப்பாவுல இருக்கு. சீடை அடியில. தண்ணி மாறுனா இருமுவீக, சுக்கு வச்சிருக்கேன்” என்று டப்பாவை மட்டும் கட்டிக்கொண்டே இருப்பார். கட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடி கட்டுவார். அவ்வளவுதான் சீன்.

அதை நடித்து முடித்ததும் டைரக்டர் கட் சொன்னார். எல்லாருக்கும் முன்னால் முந்தானையில் மூக்கைச் சிந்தியவர் ஆச்சி! “இப்படி அழ விட்டுட்டியேடி, பாவி மகளே” என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே வசன உதவி வேலை எனக்கு.

சம்பளம் என்ன என்று அம்மா கேட்கவே இல்லை. “எம்மக பேரு டிவியில வரணும் சார்” என்றாள்.

4. டைட்டில் கார்டு

வேலைக்காகச் சென்னைக்குப் போனேன். டைட்டிலில் என்ன பேர் போடுவது என்று சீரியல் ஆபீஸில் கேட்டார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. யாருக்காக இதெல்லாம்? “வெள்ளையம்மாள்” என்று கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டுச் சென்னை ஹாஸ்டலில் நானே மெய்சிலிர்த்துக்கொண்டேன்.

எபிசோட் முடிந்த கையோடு அம்மாவின் ஃபோன் வந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

“யாருடி வெள்ளையம்மா?”

“நீதாம்மா. உனக்குக் காணிக்கை.”

“காணிக்கையக் கொண்டுபோய் உண்டியல்ல போடு! எம்மக பேரு வருதுன்னு தெருவையே கூட்டி வச்சு உக்காந்திருக்கேன். ‘வெள்ளையம்மா, நீ எப்ப எழுதப் படிச்ச?’ன்னு அம்புட்டுப் பேரும் என்னையக் கேக்குறாக. நானா எழுதுனேன்? நான் பெத்தது எழுதுது. அதுக்குப் பேரு வச்சதும் நாந்தான். அந்தப் பேரப் போடச் சொல்லு!”

டொக்கென்று வைத்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு.

மேனேஜரின் கையைக் காலைப் பிடித்துக் கார்டை என் பேருக்கு மாற்றினேன். செல்வராணி. புதிதாக வசனம் எழுத வருகிற பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான்: சீன் எழுதும் முன்னால் ஆள் சாகணுமா, போனால் போதுமா என்று கேளுங்கள். அதேபோல, பெற்றவளைச் சந்தோஷப்படுத்தும் முன்னால் அவளுக்கு என்ன வேண்டும் என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்டு மாறிய மறுநாள் அம்மாவே கூப்பிட்டாள்.

“கடைத்தெருவுக்குப் போனேன்டி. வெள்ளையம்மான்னு ஒருத்தரும் கூப்புடல. ‘செல்வராணி அம்மா, வாங்க, இப்புடி உக்காருங்க’ங்குறாக!”