ஐம்பது தக்காளிப் புத்தகங்கள்

2025 பிப்ரவரி 9, ஞாயிறு, காலை பத்து இருபது. பனி விலகி வெயில் ஏறியிருந்தது. ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே படம் வரையும் என் மகள், தக்காளியைப் பற்றித் தானே எழுதி வரைந்த படப் புத்தகத்தை ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட் வாசலில் விற்க உட்கார்ந்தாள். ஐம்பது பிரதிகள், இரண்டு முறை எண்ணினேன். ஒன்றும் போகாமல் அவள் முகம் வாடிவிடுமோ என்று பயந்து, ஆள் விட்டு வாங்கச் சட்டைப் பையில் இரண்டாயிரம் வைத்திருந்தேன்.

கிட்டாரை எடுத்துப் புத்தகத்திலுள்ள பாட்டைப் பாடினாள். ஒரு வரி தமிழ், ஒரு வரி தெலுங்கு, ஒரு வரி கன்னடம். மெட்டு மட்டும் ஏலக்காரர் விலை கூவுவது. லாரியிலிருந்து தக்காளி கிரேட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வந்து கூடவே பாடினார்கள். பதினேழு பேர் வரை எண்ணினேன், பிறகு முடியவில்லை. டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஐம்பதும் தீர்ந்துவிட்டது. எனக்கென்று ஒன்றுகூட இல்லை.

கடைசிப் புத்தகத்தை வாங்கிய மண்டிக்காரரைப் பிடித்தேன். “நூறு ரூபாய்ப் புத்தகம்தானே, கொடுத்துடுங்க. என் பொண்ணு போட்டதுங்க.”

“வரத்து நின்னுபோச்சே பெரியவரே! இனி நான் சொல்றதுதான் ரேட்டு” என்று சிரித்தார்.

வாழ்நாளில் நான் பேரம் பேசாமல் கொடுத்தது அன்று மட்டும்தான்: இருநூற்று எண்பது ரூபாய்.