சொட்டு நீலம் போட்ட சாக்ஸ்

விடுப்பு முடிந்து குவைத்துக்குத் திரும்பும்போது என் கணவர் என் தலையில் கட்டிவிட்டுப் போனது ஒரு கண்ணாடித் தொட்டியும் இரண்டு கடல்மீன்களும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி. "நான் வர்ற வரைக்கும் உசுரோட வச்சிரு, அது போதும்" என்றார்.

மீன்களோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டையெல்லாம் சாக்ஸோடுதான். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் தொங்கும் வெள்ளைப் பைக்கு அதுதான் பெயர். மேலிருந்து வழியும் தண்ணீர் அந்தப் பைக்குள் விழுந்து வடிந்துதான் மறுபடி மேலே ஏறும். மீன் தின்று மிச்சம் வைத்தது, கழித்தது எல்லாம் பையில் தங்கிவிடும். நாலைந்து நாளில் அடைத்துக்கொண்டு கருவாட்டுப் பானை மாதிரி நாறும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஹோஸ் பைப்பால் பீய்ச்சி, ப்ளீச் கலந்த வாளியில் ஊறப்போட்டு, வாடை போகும்வரை நல்ல தண்ணீரில் அலசி, மொட்டைமாடி வெயிலில் காயப்போட வேண்டும். சோப்பு மட்டும் கூடவே கூடாது, மீன் செத்துவிடும். வீடியோ காலில் அவர் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

மஞ்சக்குப்பம் வீட்டில் நானும் மாமியும்தான். மாமி என்றால் அவருடைய அம்மா. துணி விஷயத்தில் மாமியை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. வியாழக்கிழமை ஆனால் தொழுகைத் துப்பட்டி, தலையணை உறை என்று வீட்டு வெள்ளை மொத்தமும் சோப்புத்தூளில் ஊறும், கடைசியில் சொட்டு நீலத்தில் முங்கி எழும். வாஷிங் மெஷினை நம்பமாட்டார். அது என் துணிக்கு மட்டும்.

சிதம்பரத்தில் என் அக்கா மகளுக்கு நிக்காஹ். கிளம்பும் முன் மாற்று சாக்ஸைக் கழுவி மாடியில் போட்டுவிட்டு, "காஞ்சதும் இதைத் தொட்டியில மாட்டிடுங்க மாமி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

திரும்பி வந்த மதியம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் பட்டது, தொட்டியின் மேல் நுரை. மீன் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அலமாரியைத் திறந்தால் சாக்ஸ் வெளிர்நீலமாகத் தொங்குகிறது. துப்பட்டிகளோடு சேர்த்துத் துவைத்து, நீலம் போட்டு, மாட்டியிருக்கிறார்.

பையை உருவி எறிந்தேன். டிரம்மில் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரைக் குடம் குடமாக மாற்றினேன். மாற்றிக்கொண்டே மாமியைப் பிடிபிடி என்று பிடித்தேன். "இது என்ன சட்டையா மாமி, நீலம் போட? மீன் கழிசலைப் பிடிக்கிற பை! ரெண்டும் செத்துப்போச்சுன்னா அவுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மாமி எனக்குச் சளைத்தவர் இல்லை. அன்றைக்கு மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சோப்பு ஆவாதுன்னு யாரும் எங்கிட்ட சொல்லலியேம்மா. கறையா இருந்துச்சு, எம்புள்ள சாமானாச்சேன்னு துவைச்சேன். அவன் போனதுலேருந்து அவன் துணின்னு துவைக்க இந்த வூட்ல வேற என்னா இருக்கு?"

குடத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். கோபம் முழுசாகப் போய்விடவில்லை. ஆனாலும் குடத்தை இறக்கி வைத்தேன். குவைத்திலிருந்து அவர் போன் செய்தால் எனக்குப் பேச மீன் இருக்கிறது, சாக்ஸ் இருக்கிறது. மாமிக்கு "சாப்டியாப்பா" ஒன்றுதான்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு வந்து இருவருமாகத் தீனியைத் தூவினோம். பெரிய மீன் வந்து கொத்தியது. சின்னது ரொம்ப நேரம் யோசித்துவிட்டு வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று மாமி என் கையைப் பிடித்தார். கை ஜில்லென்று இருந்தது.

இப்போது சாக்ஸ் மாமியின் பொறுப்பு. சோப்பும் இல்லை, நீலமும் இல்லை. ஆனால் கொடியில் போடும் முன் சட்டையை உதறுகிற மாதிரி உதறி, உள்ளங்கையால் நீவிவிடுவார். நான் கண்டுகொள்வதில்லை.

போன வாரம் என் கணவர் போனில், "பழசைக் கழுவி ஏன் கஷ்டப்படுறீங்க? புது சாக்ஸா மொத்தமா ஆர்டர் போட்டுடறேன். அழுக்கானா தூக்கிப் போட்டுட்டு அடுத்ததை மாட்டுங்க" என்றார். மாமி அப்போது மாடியில் இருந்தார்.

"அனுப்பாதீங்க மச்சான்" என்றேன். "நீங்க வர்ற வரைக்கும் உங்கம்மாவுக்குத் துவைக்க இது இருக்கட்டும்."