அசையாமல் பிடித்த குழாய்

முதலில் நடுங்கியவை மகள் பவானியின் விரல்கள். அவள் பிடித்த டம்ளரில் தண்ணீர் சின்னச் சின்ன வளையங்களாக அலைந்தது. என் சிறுநீரகம் ஒன்றை அவளுக்குப் பொருத்தி, மதுரையிலிருந்து சிவகாசி திரும்பியிருந்த நாட்கள் அவை. வீடே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல எனக்குத் தோன்றும்.

கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருந்தது. டாக்ரோலிமஸ் (புதிய உறுப்பை உடல் எதிர்க்காமல் தடுக்கும் மருந்து) குறைந்தால் உடல் சிறுநீரகத்தை விரட்டும். கூடினால் மருந்தே அதைக் கெடுக்கும். ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதென்று தெரியாமல் மாத்திரையை மாற்ற முடியாது என்றார் மருத்துவர்.

அந்த மருந்து பெரும்பாலும் சிவப்பணுக்களுக்குள் தங்கியிருக்குமாம். அதனால் ரத்தத்தைப் பிரிக்காமல், உறையவிடாமல், முழுதாக அனுப்ப வேண்டும். காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுக்க வந்த பெண், ரத்தம் நிரம்பிய ஊதா மூடிக் குழாயை என் கணவரிடம் நீட்டினாள்.

"அண்ணாச்சி, மெதுவா கவுத்துக் கவுத்து நிமித்துங்க" என்றவள், பவானியின் கையில் பஞ்சை அழுத்தக் குனிந்தாள்.

அவர் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையின் ஃபோர்மேன். குலுக்காதே, உரசாதே என்று சொல்லியே வாழ்ந்தவர். ஒருமுறை லேசாகச் சாய்த்தார். பிறகு நிமிர்த்திப் பிடித்து, மூச்சடக்கி நின்றார்.

"ஆச்சா அண்ணாச்சி?"

"அம்புட்டும் பத்திரம்."

மதியம் மதுரை ஆய்வகத்திலிருந்து அழைத்தார்கள். ரத்தம் கட்டிவிட்டது, அளக்க முடியாது, நாளை மறுபடி எடுங்கள். உறையாமல் காக்கும் பொருள் குழாயின் உட்சுவரில் பூசியிருக்கும், ரத்தம் புரண்டால்தான் கலக்கும் என்று அப்போதுதான் அறிந்தோம்.

காக்குமா, கெடுக்குமா என்று தெரியாத அதே மாத்திரையை அன்று மாலையும் அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"அப்பா, அது என் ரத்தம்ப்பா. வெடிக்காது" என்றாள் பவானி.

"கை கேக்க மாட்டேங்குதே தாயி."

மறுநாள் அவர் கவிழ்த்தார், நிமிர்த்தினார். இப்போது நடுங்கியது அவர் கை.

"பயப்படாம கவுத்துங்க அண்ணாச்சி, நான் ஓடிற மாட்டேன்" என்று அந்தப் பெண் சிரித்தாள். காலை வெளிச்சத்தில் ரத்தம் மெல்லப் புரண்டது, தூக்கத்தில் குழந்தை திரும்பிப் படுப்பதுபோல.

மருந்து கூடியிருந்தது, விரல் நடுக்கமும் அதனால்தான். அளவைக் குறைத்தார்கள். கழிவு இறங்கியது, விரல்களும் அடங்கின. இதே மாத்திரையோடு வாழும் வீட்டாரே, குழாயைக் கவிழ்த்து நிமிர்த்துகிறார்களா என்று அருகில் நின்று பாருங்கள்.

எனக்கு இப்போது கிழமைகள் இல்லை. மாத்திரைக்கு முன், மாத்திரைக்குப் பின் என்றே பொழுது போகிறது. மதியம் படுத்துப் புரளும்போது விலாவுக்குக் கீழே ஒரு வெறுமை நகர்கிறது. அடுத்த அறையில் பவானி புரளும் சத்தம் கேட்கிறது. அங்கேயும் நான்தான் திரும்பிப் படுக்கிறேன்.