சொல்லிக்காமப் போனவன்

எனக்குப் பேச வராது. பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், டீ நேரத்தில் என்னை இழுத்துப் போய் நாலு பேர் நடுவில் நிறுத்துவது கட்டிங் மாஸ்டர் ஒருவர்தான். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை, எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். எனக்கென்று இருந்த ஒரே நண்பர்.

அவர் அவிநாசி பக்கம் வீடு கட்டிக் குடிபோனபோது விருந்துக்கு நானும் போனேன். பந்தியில் சாப்பிட்டேன். அவரைச் சுற்றி ஒரே கூட்டம். நடுவில் புகுந்து விடைபெற வேண்டும் என்று நினைத்தாலே கூச்சம் பிடித்துக்கொண்டது. போன் வந்ததைப் போலக் காதில் வைத்துக்கொண்டு நைசாக நழுவிவிட்டேன்.

மறுநாள் டீக்கடையில் கேட்டார். "ஏனுங்க, சொல்லிக்காமப் போறதுக்கு என்ற ஊடு என்ன எழவு ஊடுங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. துக்க வீட்டில்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோம். அவருடைய நல்ல நாளில் நான் அதைச் செய்திருக்கிறேன். கூச்சம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மடையன், அதையும் விழுங்கிவிட்டேன். பிறகு அவர் என்னை டீக்கு அழைப்பது குறைந்தது. கொஞ்ச நாளில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் பேசப் பழகினேன். யூடியூபில் வீடியோ பார்த்து, கண்ணாடி முன்னால் நின்று, வாட்ச்மேனிடம், ஆர்டர் கொடுக்க வரும் பையரின் ஆட்களிடம். விடைபெறுவதை மட்டும் விடாப்பிடியாகப் பழகினேன். எங்கிருந்து கிளம்பினாலும் "போயிட்டு வர்றேனுங்க" தானாக வந்துவிடும், பேக்கரியில் பன் வாங்கினால்கூட. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து பேசி, முறையாகச் சொல்லிக்கொண்டு வர வேண்டும் என்றிருந்தேன். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டேன்.

போன மாதம் மாரடைப்பில் அவர் போய்விட்டார்.

அதே வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னிடம் பேச்சை எதிர்பார்க்காத இடம். எழுந்தபோது அவர் மனைவி கதவோரம் நின்றிருந்தார். கும்பிட்டேன். வாய் முந்திக்கொண்டது.

"போயிட்டு வர்றேனுங்க."

பக்கத்தில் இருந்த உறவுக்காரர் என் கையைப் பிடித்தார். "இங்க சொல்லக்கூடாதுங்க. சும்மா போங்க."

நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன். மாஸ்டர் வீட்டில் சொல்ல வேண்டியதை ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். "சரிங்க, வாங்க" என்று சொல்லத்தான் அவர் இல்லை.