உப்பில் போட்ட வானத்துக் கல்

எங்கள் காசிமேட்டில் ஒரு பொருள் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் அதை உப்பில் போடுவார்கள். மீனோ மாங்காயோ, எதுவானாலும் சரி. கருவாட்டு வியாபாரம் செய்த என் அம்மாவுக்கு உப்பின்மேல் இருந்த நம்பிக்கை சாமிமேல்கூட இருந்ததா என்பது சந்தேகம்தான். அதனால் அவளுடைய தம்பி தன் கல்லைப் பத்திரப்படுத்தச் சொல்லிக் கொடுத்தபோது அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

மாமா அரபு தேசத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனியில் சில வருஷம் வேலை செய்துவிட்டு வந்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஒரே அதிசயம் அந்தக் கல். கைக்குள் அடங்கிவிடும், ஆனால் தூக்கினால் கை கீழே இறங்கும். கன்னங்கரேலென்று இருக்கும்.

"வானத்துலருந்து வுய்ந்த இரும்புக் கல்லு பாப்பா. அங்க மழையே கெடையாது. மணலு எப்பவும் காஞ்சே கெடக்கும். எந்தக் காலத்துல வுய்ந்துதோ, துரு தின்னாம அப்டியே கெடந்துது. வெள்ள மணல்ல கருப்பா, தொலவுலருந்தே தெரிஞ்சிது" என்பார்.

தெருவில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், அவன் அரபு தேசத்துக்கே போகவில்லை, பம்பாய் ஜெயிலில் இருந்தான் என்றார்கள். நான் மட்டும் ஒரு எழுத்து விடாமல் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் அந்தக் கல்லுக்காக ஒருத்தியின் தலைமயிரைப் பிடித்து இழுத்து அடி வாங்கியிருக்கிறேன்.

மழைக்காலத்துக்கு முன்னால் மாமாவுக்கு ஒரு கப்பலில் வேலை கிடைத்தது. "கெடாம வெச்சிரு அக்கா" என்று சொல்லிக் கல்லைக் கொடுத்துவிட்டுப் போனார். "ஈரத்த உப்பு இழுத்துக்கும்" என்று அம்மா அதைக் கல்லுப்புப் பானைக்குள் புதைத்து, வாயைத் துணியால் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது.

தை மாதம் மாமா திரும்பியபோது அப்பா அவருக்கு ஒரு சம்பந்தம் பேசி வைத்திருந்தார். பெண்ணின் தகப்பனார் பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் ஃபிட்டர், அப்பாவுக்கு தோஸ்து. மாமா அந்தப் பெண்ணைத் திருவொற்றியூர் தேர்த் திருவிழாவில் பார்த்திருக்கிறார். அவள் பேச்சை எடுத்தாலே, அவ்வளவு பெரிய ஆம்பிளை, தலையைக் குனிந்துகொள்வார். "இத்த யாருனா கெடுத்தீங்க, தோல உரிச்சிருவேன்" என்று அப்பா எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லியிருந்தார். ஆனால் அவர் கை யார்மேல் இறங்கும் என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

ஃபிட்டர் வந்து பாயில் உட்கார்ந்தார். முடிவு தெரியாமல் எங்கள் வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று காப்பியைக்கூடத் தொடவில்லை.

"ஊரு ஆயிரம் சொல்லுது தம்பி. அந்தக் கல்ல காட்டு. இத்தினி வருசமா இரும்போடதான் மாரடிக்கிறேன். பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

அம்மா பானையை இறக்கிக் கொண்டுவந்து வைத்தாள். பானையைப் பார்த்ததுமே மாமாவின் முகம் மாறிவிட்டது. துணியை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டார். உப்பு முழுக்கப் பழுப்பாகி, சேறுமாதிரி நசநசத்தது. வெளியே வந்தது கல்லே இல்லை. செந்நிறமாக வெடித்துப்போன ஒரு கட்டி, அவர் உள்ளங்கையிலேயே ஏடு ஏடாக உதிர்ந்தது.

ஃபிட்டர் உதிர்ந்த ஒரு சில்லை எடுத்து விரலால் நசுக்கினார். "சாதா துரு. எந்தக் காலத்துலயோ வுய்ந்ததுன்ன. ஒரு மழைக்குத் தாங்கலியா?"

"அங்க ஈரம் இல்ல நைனா. இங்க கடல்காத்து, அதுல வேற..." என்று ஆரம்பித்த மாமா அப்படியே நிறுத்திக்கொண்டார்.

அப்பா எழுந்து நின்றார். "அத்த யாரு உப்புல போட்டது?"

கதவோரம் நின்ற அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. அவளுக்கு இதில் என்ன தயக்கம் என்றே எனக்கு விளங்கவில்லை. கெடக்கூடாது என்றுதானே போட்டாள்? அம்மாதான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

மாமா என்னை முந்திக்கொண்டு அப்பாவிடம் சொன்னார். "யாரு போட்டா இன்னா மாமா? அது வானத்துக் கல்லே இல்ல. ஹார்பர்ல பொறுக்குன பட்டறைக் கசடு."

"அப்ப அரபு தேசம்?" என்று ஃபிட்டர் கேட்டார்.

மாமா அம்மாவை ஒரு தரம் பார்த்தார். "அதுவும் பொய்தான் நைனா."

ஃபிட்டர் தன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அவரைச் சமாதானப்படுத்த அப்பா பின்னாலேயே ஓடினார். ஓடுமுன் திட்டிய திட்டெல்லாம் மாமாவுக்குத்தான்.

அவர்கள் தெருமுனை திரும்பினார்களோ இல்லையோ, அம்மா தம்பியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். துரு அப்பிய அவர் கையை இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் குலுங்கிக் குலுங்கி அழுதாள். மாமா மறு கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரை நம்பி நான் ஊரோடு சண்டை போட்டிருக்கிறேன். இப்படி எல்லோரையும் ஏமாற்றிய பொய்க்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா எதற்கு அழுகிறாள் என்று, அவள்மேலும் சேர்த்துக் கோபித்துக்கொண்டு அன்று நான் சாப்பிடவில்லை.